படத்திலுள்ள எழுத்து: கோடா, சொல்லா?



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால், வானம் பார்த்த கரிசல் நிலம் நெடுந்தூரம் விரிந்து கிடக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்தால் பருத்தி, மல்லி, குதிரைவாலி, மக்காச்சோளம். பெய்யாவிட்டால் வெடித்த மண். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிற நீரைக் கண்மாயில் தேக்கி, மடையைத் திறந்து, அளவு பார்த்துப் பிரித்துக் கொடுப்பது இந்தப் பகுதி மக்களின் நெடுங்கால அறிவு. ஆகவே, இங்குள்ள பிள்ளைகளுக்குக் கண்மாயைப் பற்றிப் பாடம் நடத்துவது மிக எளிது என்று ஆசிரியனாகிய நான் எண்ணியிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்புக்காகக் கணிப்பொறியில் ஒரு கண்மாயின் படத்தை நானே வரைந்தேன். வரத்துக்கால், கரை, மடை, கலுங்கு, மறுகால், ஆயக்கட்டு என்று ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் எழுதினேன். படம் அழகாக அமைந்துவிட்டது என்ற பெருமையோடு மாணவர் வீட்டுச் செல்பேசிகளுக்கு அதை அனுப்பி வைத்தேன்.

அந்த வகுப்பில் விழித்திரைக் குறைபாடு உடைய மாணவி ஒருத்தி இருந்தாள். முற்றிலும் பார்வை அற்றவள் அல்லள். கறுப்புத் தரையில் மஞ்சள் நிறத்தில் பெரிய எழுத்து இருந்தால் படித்துவிடுவாள். வெள்ளைத் தரையின் வெளிச்சம் அவள் கண்ணைக் கூசச் செய்யும். கண் களைத்துப் போனால், திரையிலுள்ளதைச் செல்பேசியையே வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்பாள். அவளுடைய தாத்தா ஊர்க் கண்மாயில் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர்.

மறுநாள் அவளிடம், “படம் எப்படியம்மா இருந்தது?” என்று கேட்டேன்.

“பெரிசு பண்ணிப் பார்த்தேன் சார். கோடெல்லாம் நல்லாத் தெரியுது. எழுத்து மட்டும் எனக்குத் தக்கன மாற மாட்டேங்குது. போனும் வாசிக்கல. ‘படம்’னு ஒரு வார்த்தை சொல்லிட்டு நின்னுடுது” என்றாள்.

அவள் சொன்னதன் பொருள் அப்போது எனக்கு முழுதாக விளங்கவில்லை. அடுத்த வாரம் சிறு தேர்வு வைத்தேன். ‘கண்மாயில் கலுங்கின் பயன் யாது? படத்தில் அது எங்கே உள்ளது?’ என்பது ஒரு கேள்வி. கலுங்கில் கால் நனைத்து வளர்ந்த அந்தப் பிள்ளை, கேள்வியின் பின்பாதிக்கு விடை எழுதாமல் விட்டிருந்தாள். அவளுக்குக் கலுங்கு தெரியும். நான் வரைந்த கலுங்குதான் தெரியவில்லை.

பிழை அவளுடையது அன்று, என்னுடையது. அதை ஆராயப் புகுந்தபோதுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். படத்துக்குள் இருக்கும் எழுத்தும் எழுத்தாகவே இருக்க வேண்டும். படிப்பவர் தம் கண்ணுக்கு ஏற்றபடி அதை மாற்றிக்கொள்ள இயல வேண்டும். இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

கட்டத் தாளும் புலப்படமும்

கணிப்பொறிப் படங்கள் இரு வகை. இரண்டையும் நம் ஊர்ப் பொருள்களைக் கொண்டே விளக்கிவிடலாம்.

அருப்புக்கோட்டை நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். சேலைக் கரையில் வரும் பூவையோ அன்னத்தையோ நெய்வதற்கு முன், அதைக் கட்டம் போட்ட தாளில் வரைந்துகொள்வது நெசவுத் தொழிலின் வழக்கம். அந்த இடத்தில் இழை மேலே வருவதா, கீழே போவதா என்பதை ஒவ்வொரு கட்டமும் சொல்லும். செல்பேசியில் எடுக்கும் ஒளிப்படமும் இப்படிப்பட்ட கட்டங்களால் ஆனதே. அக்கட்டங்களைப் படப்புள்ளிகள் என்கிறோம். இதைப் பெரிதாக்கினால் கட்டங்களே பெரிதாகும். விளிம்புகள் படிக்கட்டுப் போலத் தோன்றும்.

இனி, உங்கள் நிலத்தின் புலப்படத்தைப் பாருங்கள். இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்கு இத்தனை மீட்டர், அங்கிருந்து இந்தப் பக்கம் திரும்பி இத்தனை மீட்டர் என்று அளவும் திசையுமாகவே நிலம் அதில் அடங்கியிருக்கும். தாளில் சிறிதாக வரையலாம்; தரையில் முழு அளவில் கல் நடலாம். கோடு கோடாகவே இருக்கும். இயற்பியல் வகுப்பில் அளவும் திசையும் உடையதை வெக்டர் என்று படித்திருப்பீர்கள். இந்த முறையில் அமைந்த படத்துக்கும் வெக்டர் படம் என்றே பெயர். இணையத்தில் பெரிதும் பயன்படும் வெக்டர் வகை எஸ்.வி.ஜி. எனப்படுகிறது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2001ஆம் ஆண்டு செப்டம்பரில் அதன் முதல் வரையறையை வெளியிட்டது.

நான் வரைந்தது வெக்டர் படமே. எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் மங்காது. அப்படியிருந்தும் அந்த மாணவிக்கு அது ஏன் பயன்படவில்லை?

எழுத்து என்பது எண்

கணிப்பொறிக்கு எழுத்தின் வடிவம் தெரியாது, எண்தான் தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் ஏற்பாட்டுக்கு யூனிகோடு என்று பெயர். 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தரப்பட்டது. அதன்படி ‘தமிழ்’ என்ற சொல் கணிப்பொறிக்குள் 2980, 2990, 3007, 2996, 3021 என்ற ஐந்து எண்களாக இருக்கிறது. முதல் எண் த; இரண்டாவது ம; மூன்றாவது இகரக் குறி; நான்காவது ழ; ஐந்தாவது மேலே வைக்கும் புள்ளி.

இந்த எண்கள் இருக்கும்வரை அந்தச் சொல் உயிருள்ள சொல். செல்பேசி அதை உரக்க வாசிக்கும். தேடினால் கிடைக்கும். வேறு எழுத்துருவில் காட்டலாம், நிறத்தை மாற்றலாம், பிரெயிலாகவும் ஆக்கலாம். இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951இல் ஏற்கப்பட்டது. இன்று, திரையில் உள்ள சொல்லை விரலுக்கடியில் புடைத்தெழும் புள்ளிகளாகக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது அந்த எண்கள் மட்டுமே.

வெக்டர் படத்தில் ஒரு சொல்லை இரண்டு விதமாக வைக்கலாம். ஒன்று, ‘இந்த இடத்தில் கலுங்கு என்ற சொல்லை எழுது’ என்று எண்களாகவே வைப்பது. எஸ்.வி.ஜி.யில் இதற்கு ‘டெக்ஸ்ட்’ என்ற குறி உண்டு. மற்றொன்று, எழுத்தின் ஓரங்களை வளைகோடுகளாக மாற்றிவிடுவது. அதற்குப் ‘பாத்’ என்று குறி. இரண்டாவது முறையில் நம் கண்ணுக்குக் ‘கலுங்கு’ என்றே தெரியும். கணிப்பொறிக்கோ, கண்மாய்க் கரை ஒரு வளைகோடு, ககரமும் இன்னொரு வளைகோடு. சொல் அங்கே இல்லை; சொல்லின் நிழல்தான் இருக்கிறது.

படத்தை அனுப்புமுன் நான் செய்தது அதுதான். ‘எழுத்தை வளைகோடாக மாற்று’ என்ற கட்டளையை அழுத்தினேன். ஏன் அழுத்தினேன்? அச்சகத்தில் அப்படிக் கற்றுக்கொண்டேன்.

ஒரு பழக்கத்தின் வரலாறு

அச்சகத்தாரின் பழக்கத்தில் அறியாமை ஒன்றும் இல்லை. தமிழ் எழுத்துருக்கள் கணிப்பொறிக்கு வந்த காலத்தில், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்தார்கள். இன்றும் வழக்கில் உள்ள பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டினால், உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி இல்லாத கணிப்பொறியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கும். ஒரு ஊரில் திருமண அழைப்பிதழைத் தட்டி, வேறு ஊரில் அச்சிட்டால் மணமகன் பெயரே உருமாறிப்போகும்! இந்த அச்சத்தினால், எழுத்தை வளைகோடாக்கி அனுப்புவது நல்ல பழக்கம் ஆயிற்று.

தாளுக்கு அது சரியே. அச்சான தாள் யாருக்காகவும் மாறப்போவதில்லை. திரை அப்படியன்று. ஒரே பக்கம் ஒருவருக்குச் சிறிய எழுத்தாகவும் மற்றொருவருக்குப் பெரிய எழுத்தாகவும் வேறொருவருக்குக் குரலாகவும் ஆகும். 2010இல் தமிழ்நாடு அரசும் கணிப்பொறித் தமிழுக்கு யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் படத்தோடு சேர்த்தே அனுப்பவும் முடியும். பழக்கத்துக்குக் காரணமாயிருந்த அச்சம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. பழக்கம் மட்டும் நீங்கவில்லை.

பெரிதாவது வேறு, தக்கபடி ஆவது வேறு

“வெக்டர் படம் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காதே, பிறகு என்ன குறை?” என்று கணிப்பொறி தெரிந்த நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம்.

அந்த மாணவிக்கு எழுத்து ஐந்து மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். படம் முழுவதையும் நீளத்திலும் அகலத்திலும் ஐந்து மடங்கு விரித்தால், பரப்பு 25 மடங்கு ஆகிறது. திரையோ அதே திரை. ஆகவே ஒரு நேரத்தில் அவள் காண்பது படத்தில் 25இல் ஒரு பங்கு. ‘கலு’ தெரியும்போது ‘ங்கு’ திரைக்கு வெளியே நிற்கும். சொல்லிலிருந்து புறப்படும் அம்புக்குறி எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க விரலால் இழுத்துக்கொண்டே போக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் எந்தச் சொல்லிலிருந்து புறப்பட்டோம் என்பதே மறந்துபோகும்.

மேலும், எழுத்தின் அளவு மட்டும்தானா சிக்கல்? வெள்ளைத் தரை கண்ணைக் கூசச் செய்கிறது என்றால், பெரிதாக்கப் பெரிதாக்க வெள்ளையும் பெரிதாகும். மெல்லிய சாம்பல் நிற எழுத்து பெரிதானாலும் சாம்பலாகவே இருக்கும். சிலருக்கு எழுத்துகள் நெருங்கி நின்றால் ஒன்றோடொன்று கலந்து தோன்றும். அவர்களுக்கு இடைவெளி வேண்டும். சிலருக்குத் தடித்த எழுத்துரு வேண்டும். கண்ணாடிக் கடையில் எல்லோருக்கும் ஒரே வில்லையைக் கொடுத்து, ‘நன்றாகப் பளபளக்கிறதே, போதாதா?’ என்று கேட்டால் ஒப்புவோமா?

உலக விதி சொல்வது

இணையத்தை எல்லோரும் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999இல் ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. 2008 டிசம்பரில் அதன் இரண்டாம் பதிப்பும், 2023 அக்டோபரில் 2.2 என்ற பதிப்பும் வந்தன. அதில் 1.4.5 என்ற எண்ணுள்ள விதி நம் பொருளைப் பற்றியது. எழுத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் எழுத்தையே பயன்படுத்துக, எழுத்தின் படத்தைப் பயன்படுத்தாதே என்பது அதன் சாரம். விலக்குகளும் உண்டு. நிறுவனச் சின்னம் போல, குறிப்பிட்ட வடிவம் இன்றியமையாத இடத்தில் படம் இருக்கலாம். படிப்பவர் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடியதானாலும் இருக்கலாம். மாற்றுவது என்றால் எழுத்துரு, அளவு, நிறம், பின்னணி ஆகியவற்றை அமைத்துக்கொள்ள முடிவது என்றும் அத்தொகுப்பே விளக்கம் தருகிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது அதிலுள்ள மற்றொரு விதி. வெள்ளையில் கறுப்பு என்றால் இந்த விகிதம் 21க்கு 1.

இங்கே நுட்பமான கேள்வி ஒன்று எழுகிறது. வெக்டர் படத்தில் எழுத்தை எண்களாகவே வைத்துவிட்டால், அது ‘மாற்றிக்கொள்ளக்கூடியது’ ஆகிவிடுமா? ஆகிவிடும் என்பார் சிலர். அவ்வளவு எளிதன்று என்பது என் கருத்து. காரணங்கள் இரண்டு.

முதலாவது, படத்தைப் பக்கத்தில் வைக்கும் முறை. எஸ்.வி.ஜி. படத்தின் குறிகளை இணையப் பக்கத்துக்குள்ளேயே எழுதினால், படிப்பவரின் அமைப்புகளும் வாசிக்கும் மென்பொருளும் உள்ளே உள்ள சொல்லை எட்டும். ஒளிப்படத்தைச் செருகுவது போல வெளிக்கோப்பாகச் செருகினால், அது மூடிய சீசா ஆகிவிடும். உள்ளே மருந்து இருக்கிறது; மூடி திறக்காது.

இரண்டாவது, இடம். கட்டுரையின் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானே மடங்கிக் கீழே இறங்கும். வெக்டர் படத்தில் உள்ள சொல் பொதுவாக அப்படித் தானே மடங்காது. ‘மடை’ என்ற சொல் வளர்ந்து பக்கத்திலுள்ள ‘கரை’யின் மேல் ஏறிவிடும். படம் வரைபவர் முன்னமே இடம் விட்டு வரைய வேண்டும். ஆகவே எழுத்தை எழுத்தாக வைப்பது முதற்படி. அது இல்லாமல் மற்றவை இல்லை. ஆனால் படிப்பவர் கையில் அது உண்மையில் மாறுகிறதா என்று பார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

மறுப்புகளும் விடைகளும்

“எத்தனை பேருக்காக இவ்வளவு பாடு?” என்று கேட்பவர் உண்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உடையவர்கள் சுமார் 50 இலட்சம் பேர். அவர்களோடும் இது முடிவதில்லை. நாற்பது வயதைக் கடந்தால் பெரும்பாலோருக்கு வெள்ளெழுத்து வருகிறது. நண்பகல் வெயிலில் கரிசல் காட்டில் நின்று, விதை நேர்த்திப் படத்தைச் செல்பேசியில் பார்க்கும் உழவருக்கு எந்தக் கண்ணோயும் இல்லாமலே எழுத்து தெரிவதில்லை. கண்புரையை அறுவை மருத்துவம் நீக்கிவிடும். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தென்மாவட்ட மக்களுக்கு அந்த வழியைப் பெருமளவில் திறந்துவிட்டது. ஆனால் விழித்திரைச் சிதைவுகள் பலவற்றுக்கு முழுத் தீர்வு இன்னும் இல்லை. அத்தகையோருக்கு, மாற்றிக்கொள்ளக்கூடிய எழுத்தே கைத்தடி.

“இப்போது செயற்கை நுண்ணறிவு படத்திலுள்ள எழுத்தையும் படித்துவிடுகிறதே” என்பது அடுத்த மறுப்பு. படிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது ஊகம். ஊகம் பலமுறை சரியாகும், சிலமுறை தவறும். மின்சுற்றுப் படத்தில் 1.5 வோல்ட் என்பதில் புள்ளியைத் தவறவிட்டால் 15 ஆகிவிடும். நம்மிடம் இருந்த சொல்லை நாமே கோடாகச் சிதைத்துவிட்டு, அதை மீட்டுத்தர ஓர் எந்திரத்தை ஏவுவது, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது போன்றது அன்றோ?

“படத்தின் அழகு கெட்டுவிடும்” என்பது மூன்றாவது. சுவரில் மாட்டும் ஓவியத்துக்கு இது பொருந்தலாம். பாடப் படத்தின் வேலை விளங்க வைப்பது. விளங்காத அழகால் மாணவருக்கு என்ன பயன்?

இது இரக்கம் சார்ந்த செய்தியும் அன்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, மின்னணு ஊடகங்களில் உள்ள செய்திகள் எல்லோரும் எட்டக்கூடிய வடிவில் கிடைக்க அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. மின்னணுச் சேவைகளை எட்டுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30ஆம் நாள் தீர்ப்பளித்தது. அந்த மாணவி கேட்டது சலுகை அன்று, உரிமை.

திருச்சுழிக்கு அருகே பள்ளிமடம் என்ற ஊரின் கோயிலில் பாண்டியர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கல்லில் வெட்டிய எழுத்தை யாருக்காகவும் பெரிதாக்க முடியாது. கல்வெட்டாய்வாளர் அதன்மேல் தாளை ஒற்றி மைப்படி எடுப்பார். அது எழுத்தின் படம். பிறகு வரிவரியாகப் படித்து, இன்றைய எழுத்தில் பெயர்த்து அச்சிடுவார். அப்போதுதான் அது எல்லோரும் படிக்கும் வாசகம் ஆகிறது. படத்தைச் சொல்லாக மாற்ற அறிஞர்கள் எத்தனை உழைப்பைச் செலவிடுகிறார்கள்! அன்றைய சிற்பிக்குக் கல்லை விட்டால் வேறு வழி இல்லை. நமக்கு வழி இருக்கிறது. ஒரு கட்டளையை அழுத்தாமல் இருந்தால் போதும்.

மீண்டும் வரைந்த படம்

கணிப்பொறி கற்ற பழைய மாணவர் ஒருவரின் துணையோடு கண்மாய்ப் படத்தை மறுபடி வரைந்தேன். எல்லாப் பெயர்களையும் யூனிகோடு எழுத்தாகவே வைத்தோம். மொழி தமிழ் என்று குறித்தோம். அப்போதுதான் செல்பேசி தமிழ்க் குரலில் வாசிக்கும். சொற்களைச் சுற்றிப் போதிய இடம் விட்டோம். எழுத்தளவையும் நிறத்தையும் மாற்ற மேலே இரு பொத்தான்கள் வைத்தோம். படத்தைப் பக்கத்தின் உள்ளேயே எழுதினோம். கீழே, படத்தைப் பார்க்காமலே விளங்கும்படி ஒரு பத்தி விளக்கமும் சேர்த்தோம்.

அந்த மாணவி கறுப்புத் தரையையும் மஞ்சள் எழுத்தையும் தேர்ந்துகொண்டு, பத்து நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக் கேட்டாள். பிறகு தலையை நிமிர்த்தி, “சார், கலுங்கு தப்பான இடத்துல இருக்கு” என்றாள்.

“எப்படிச் சொல்கிறாய்?”

“நீங்க கரைக்கு நடுவுல போட்டிருக்கீங்க. எங்க கண்மாயில அது கரையோட கோடியில இருக்கும். கரையைவிடத் தாழ இருக்கும். நடுவுல வச்சா, நெறஞ்ச தண்ணி ஆயக்கட்டுப் பயிர் மேலதான சார் பாயும்? தாத்தா சொல்லியிருக்காரு.”

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஒரு மாதமாக அந்தப் படத்தைப் பார்த்திருந்தார்கள். ஒருவரும் பிழையைச் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவளுக்குப் படம் எட்டவில்லை. ஒருவரைப் படிக்க முடியாமல் செய்யும்போது, அவரிடமிருந்து நாம் கற்கவேண்டியதும் நமக்குக் கிடைக்காமல் போகிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

படத்தின் கீழ் இப்போதுள்ள விளக்கம் இது: ‘மேற்கிலிருந்து வரத்துக்கால் வழியே நீர் கண்மாய்க்குள் வருகிறது. கிழக்கே வில்போல் வளைந்த கரை அதைத் தேக்குகிறது. கரையிலுள்ள மடைகளின் வழியே நீர் ஆயக்கட்டு வயல்களுக்குச் செல்கிறது. கரையின் வடகோடியில், கரையைவிடத் தாழ்வாக, கலுங்கு உள்ளது. கண்மாய் நிறைந்ததும் மிகுதி நீர் கலுங்கைத் தாண்டி, மறுகால் வழியே அடுத்த கண்மாய்க்குப் போகிறது.’ கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது இதை வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் மனத்தில் கண்மாய் தோன்றுகிறதா?

நீங்களே சோதியுங்கள்

இணையத்தில் எழுத்துள்ள அறிவியல் படம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். மூன்று சோதனைகள் செய்யலாம்.

ஒன்று: படத்திலுள்ள ஒரு சொல்லின்மேல் விரலை அழுத்திப் பிடித்து, அதைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா பாருங்கள். முடிந்தால் அது சொல். முடியாவிட்டால் பெரும்பாலும் கோடு அல்லது புள்ளி.

இரண்டு: பக்கத்தில் தேடும் வசதியைத் திறந்து அந்தச் சொல்லைத் தட்டுங்கள். கிடைக்கிறதா? திரையில் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தும் தேடினால் கிடைக்கவில்லை என்றால், உள்ளே பழைய எழுத்துரு ஒளிந்திருக்கவும் கூடும்.

மூன்று: ஆண்ட்ராய்டு செல்பேசியில் ‘டாக்பேக்’ என்ற வாசிக்கும் வசதி உண்டு. கணிப்பொறிக்கு என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் உண்டு. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கி வைத்தது அது. பெரியவர் ஒருவரின் துணையோடு அவற்றை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு படத்தைக் கேளுங்கள். வெறுமனே ‘படம்’ என்கிறதா, அதற்கு மேலும் ஏதாவது சொல்கிறதா?

நாளை உங்களில் பலர் பொறியாளராகவும் ஆசிரியராகவும் அச்சகத் தொழிலாளராகவும் படம் வரையப் போகிறீர்கள். ‘எழுத்தை வளைகோடாக மாற்று’ என்ற கட்டளை உங்கள் விரலுக்கடியிலும் வரும். அதை அழுத்துமுன் ஒரு கணம் நில்லுங்கள். கலுங்கு எங்கே இருக்க வேண்டும் என்று அறிந்த ஒரு பிள்ளை, எங்கோ ஒரு கரிசல் கிராமத்தில், அந்தச் சொல் தன் காதிலாவது விழாதா என்று காத்திருக்கக் கூடும்.